அந்தமான் போகிறவர்கள் திதியும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அந்தமான் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. எங்கே தங்கலாம், எங்கே மீன் சாப்பிடலாம் எல்லாம் இருந்தது. கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று மட்டும் ஒரு வரி இல்லை. போன ஜனவரியில் அந்த ஒரு வரி தெரியாமல் போய், பாதத்தில் மூன்று தையலோடு ஊர் திரும்பியவள் நான்.

நாங்கள் காவிரிக்கரைக்காரர்கள். ஆற்றில் தண்ணீர் வந்தால் வந்ததுதான். காலையில் வந்துவிட்டு மத்தியானம் போகாது. அந்தமானின் நீல் தீவில் பாறை குடைந்து வாசல் போல நிற்கிற இயற்கைப் பாலம் ஒன்று உண்டு. (2018இல் தீவின் பெயரை ஷஹீத் த்வீப் என்று மாற்றிவிட்டார்கள். நாங்கள் பார்த்தவரை எல்லோருக்கும் அது நீல்தான்.) அங்கே குடியேறிய வங்காளிகள் அந்தப் பாலத்தை ஹவுரா பாலம் என்கிறார்கள். சுற்றுலா ஏற்பாட்டாளர் கொடுத்த தாளில் ‘காலை 7.30, இயற்கைப் பாலம்’ என்று அச்சடித்திருந்தது. போனோம். பாறை மேல் கணுக்கால் அளவுதான் தண்ணீர். மாப்பிள்ளையும் பேரனும் படமெடுக்க முன்னால் போய்விட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் முழங்காலைத் தொட்டுவிட்டது. கால் வைக்கிற இடம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. செத்த பவளப்பாறை ரம்பம் மாதிரி இருக்கும். வழுக்கியதும் செருப்போடு சேர்த்துக் கிழித்துவிட்டது.

வண்டி ஓட்டியவர் தமிழர். தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து போன குடும்பம். காலில் துண்டைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: “நேத்து பௌர்ணமிம்மா. காலண்டர் பாக்கலியா?” எனக்கு வெட்கமாகப் போயிற்று. சத்யநாராயண பூஜைக்காக மாதாமாதம் பௌர்ணமி பார்க்கிறவள் நான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் மிக உயரமாக ஏறும், மிகக் கீழே வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆக, எல்லா நாளும் 7.30 என்று அச்சடித்து வைக்க முடியாது.

தையல் போட்டபின் நான்கு மணிக்கு அவரே மறுபடி கூட்டிப்போனார். காலையில் மாப்பிள்ளை தத்தளித்த இடம் காய்ந்து கிடந்தது. குழிகளில் தேங்கிய தண்ணீரில் கடல் அட்டை, கண்ணாடி போல ஒரு குட்டி நண்டு. நான் வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இதெல்லாம் பேரன் ஓடி ஓடி வந்து சொன்னது. ஐந்தேகால் தாண்டியதும் சூரியன் போய்விடுகிறது. நம் ஊர் நினைப்பில் ஆறரை வரை இருக்கலாம் என்று உட்கார்ந்தால் இருட்டில் பாறை மேல் நிற்க வேண்டியதுதான்.

பக்கத்து ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரை, தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் கொடுக்கிற நீலக்கொடிச் சான்றை 2020இல் பெற்றது. உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள், குளிக்கும் எல்லையும் குறித்திருக்கிறார்கள். அங்கே ஒருவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். கரைக்கு வந்த அலைத்தண்ணீர் ஒரு வாய்க்கால் மாதிரி திரும்பி ஓடுகிற இடத்தில் அலை குறைவாக, சாதுவாகத் தெரியுமாம். குழந்தைகளை அங்கேதான் இறக்குகிறோம். இழுத்துவிட்டால் கரையை நோக்கி நீந்திச் சோர்ந்துவிடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வர வேண்டுமாம்.

முதலை எச்சரிக்கைப் பலகைகளை நம்மவர்கள் சிரித்துக்கொண்டே படமெடுக்கிறார்கள். உப்புநீரில் வாழும் செம்மூக்கு முதலை அது, கடலிலேயே நீந்தும். 2010இல் ராதாநகர் அருகே ஓர் அமெரிக்கப் பயணி முதலையால் உயிரிழந்தார்.

இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத (கடல் ஏற்ற வற்ற) அட்டவணையில் அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேரும் உண்டு (2024இல் அதன் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள்). ராகுகாலம், எமகண்டம் தினமும் போடுகிறீர்கள். அந்தமான் கட்டுரை வெளியிடும் வாரத்திலாவது ஓரமாக ஒரு கட்டத்தில் அந்த வார ஏற்ற வற்ற நேரத்தையும் போடுங்கள். ஹோட்டல் வாடகைப் பட்டியலில் பாதியை எடுத்துவிட்டாலே இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
கும்பகோணம்.