ஊரில் எந்தப் பக்கம்? பிரித்தானியத் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகசபைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்களுக்கும் நிர்வாகசபையினருக்கும்,

வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் லண்டனில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் நீட்டிய மனுக்களில் நான் கையெழுத்திடாதது எதுவும் இல்லை. அந்த உரிமையில், நம்மிடையே இருக்கும் சாதி பற்றி எழுதுகிறேன்.

ஒரு கலைவிழா. மண்டப வாசலில் வடையும் தேநீருமாக நின்றோம். உங்களில் மூத்தவர் ஒருவர் என் பழைய மாணவியிடம், "பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டார். "ஹரோ" என்றாள். சிரித்துவிட்டு, "அப்பா?" என்றார். ஊரைச் சொன்னாள். "அங்கே எந்தப் பக்கம்?" தெரியாது என்றாள். "எந்தக் கோயிலடி?" அப்பா சொல்லக் கேட்டிருந்த ஒரு கோயிலின் பெயர் அவளுக்கு நினைவிருந்தது. சொன்னாள். அவர் சிரிப்பு மாறவில்லை, பேச்சுத்தான் நின்றுபோனது. கோப்பையை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு நகர்ந்துவிட்டார்.

"டீச்சர், அவருக்கு அந்தக் கோயில் பிடிக்காதா?" என்று கேட்டாள். வகுப்பில் எந்தக் கேள்விக்கும் நான் அப்படி விழித்ததில்லை.

அடுத்த விழாவுக்கு அவள்தான் அறிவிப்பாளர் என்று பேச்சிருந்தது. வேறொரு பிள்ளை வந்து நின்றாள். காரணம் யாரும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள்.

1963இல் பிரிஸ்டல் பஸ் நிறுவனம் கறுப்பரையும் ஆசியரையும் நடத்துநர்களாகச் சேர்க்க மறுத்தது. அந்த ஊர்க் கறுப்பினத்தவர் பஸ்ஸைப் புறக்கணித்து அதைப் பணிய வைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் இந்நாட்டின் முதல் இன உறவுச் சட்டம் வந்தது. நமக்கு வேலையும் வீடும் கிடைத்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. ஆனால், சாதிப் பாகுபாட்டைத் தடுக்க இங்கே சட்டத்தில் இன்னும் அப்படி ஒரு வரி இல்லை. 2010 சமத்துவச் சட்டம், அமைச்சர் விரும்பினால் 'இனம்' என்பதற்குள் சாதியைச் சேர்க்கலாம் என்றது. 2013இல் பாராளுமன்றம் அதைக் கடமையாக்கியது. 2017இல் அரசு மக்களிடம் கருத்துக் கேட்டது. 16,000க்கும் மேற்பட்ட பதில்கள் போயின, பெரும்பாலானவை புதிய சட்டம் வேண்டாம் என்று. நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று 2018 ஜூலையில் அரசு ஒதுங்கிக்கொண்டது.

எந்தத் தீர்ப்பு? பிகாரிலிருந்து மில்டன் கீன்ஸில் ஒரு வீட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட பெண்ணின் வழக்கு. அவளுக்குக் கிடைத்த கூலி மணிக்கு 11 பென்ஸ். சாதி சில வேளைகளில் 'இனத் தோற்றம்' என்பதற்குள் அடங்கலாம் என்று 2014இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. சில வேளைகளில், அடங்கலாம். பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை செய்யும் ஒருவர் இந்த இரண்டு சொற்களை நம்பி முதலாளிமேல் வழக்குப் போடுவாரா?

"இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சாதி தெரியாது, சட்டம் போட்டு நாமே சொல்லிக்கொடுப்பதா?" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். உண்மைதான், என் மாணவிக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்டவருக்குத் தெரிந்திருந்தது. இந்தச் சட்டம் கல்யாணத் தரகரின் வாசலுக்கு வரப்போவதில்லை. யார் வீட்டு மாப்பிள்ளை யார் என்று அது கேட்காது. வேலைத்தலம், வாடகை வீடு, பள்ளிக்கூடம், பொதுச் சேவை, சங்கம் போன்றவைதான் அதன் எல்லை.

சாதி சொல்லிக் கோயிலிலோ தேநீர்க் கடையிலோ ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று இலங்கையில் 1957இலேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியிருந்தும் 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில், உள்ளே செல்ல வந்த ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நடந்ததை உங்களில் மூத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சட்டம் இருந்தபடியால்தான், கதவைச் சாத்தியவர்களை நோக்கி வெளியே நின்றவர்கள் விரல் நீட்ட முடிந்தது. ஊரில் இருந்த அந்தப் பிடிமானம்கூட இல்லாத இடத்தில் நாம் சமத்துவம் பேசி மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அமைச்சருக்கு எழுதுங்கள் என்று பிறகு கேட்கிறேன். முதலில் உங்கள் யாப்பில், அதாவது அமைப்பு விதிகளில், இந்த வரி வேண்டும். "அங்கத்துவம், பதவி, மேடை, பூசை உபயம் எதிலும் சாதியின் பேரில் எவரையும் விலக்கக் கூடாது." வரியை நானே எழுதித் தந்துவிட்டேன். வரும் பொதுக்கூட்டத்தில் முன்மொழிய நான் வருகிறேன். வழிமொழிய உங்களில் ஒருவர் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சனிக்கிழமைத் தமிழாசிரியை