நோய்க்காலத்தில் வீரர்களின் பதிவுகள்

அன்புள்ள செல்வம்,

ஓட்டப்பந்தய வீராங்கனை ஒருவரின் சமூக ஊடகக் கணக்குகளைக் கவனிக்கும் வேலை உனக்குக் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இன்னொரு தொற்றுநோய் வந்தால் என்ன போடலாம் என்று கேட்டிருந்தாய். 2020-ஐத் திரும்பிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அந்த மார்ச்சில் எங்கு பார்த்தாலும் வீட்டு உடற்பயிற்சியும் டாய்லெட் பேப்பர் உருளையைக் காலால் தட்டும் சவாலும்தான். மே 3 அன்று கோலூன்றித் தாண்டும் வீரர்களான டுப்ளான்டிஸ், லாவில்லெனி, கென்ட்ரிக்ஸ் மூவரும் 5 மீட்டர் உயரத்தை அரை மணி நேரத்தில் எத்தனை முறை தாண்டலாம் என்று அவரவர் இடத்திலிருந்தே நேரலையில் மோதினார்கள். முதல் இருவரும் 36, கென்ட்ரிக்ஸ் 26. அடைந்து கிடந்த ரசிகர்களுக்கு இதெல்லாம் பெரிய ஆறுதல். ஆனால் நோயைப் பற்றி யாருக்கும் எதுவும் தெளிவாகியிருக்காது.

அதைச் செய்தது வேறு மாதிரி பதிவுகள். மார்ச் 26 அன்று கூடைப்பந்து வீரர் ஸ்டெஃப் கரி, தொற்றுநோய் நிபுணர் ஃபௌச்சியை இன்ஸ்டாகிராம் நேரலைக்கு அழைத்தார். கேள்வி கேட்டது வீரர், பதில் சொன்னது மருத்துவர். இந்தப் பங்கீட்டை விட்டுவிடாதே. மாறாக, அதே ஆண்டு ஏப்ரலில் டென்னிஸ் வீரர் ஜோகோவிச் நேரலை ஒன்றில் தடுப்பூசிக்கு எதிரான தன் கருத்தைச் சொல்ல, உலகமெல்லாம் அதுவே செய்தியானது.

எனக்கு மிகவும் பிடித்தது இங்கிலாந்து கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டின் ஜூன் 15 கடிதம். கோடை விடுமுறையிலும் ஏழைக் குழந்தைகளுக்கு உணவு உதவி தொடர வேண்டும் என்று பிரிட்டிஷ் எம்.பி.க்களிடம் கேட்டார். மறுநாளே அரசு இறங்கி வந்தது. யாரிடம், எதை, எப்போதைக்கு என்ற மூன்றும் அதில் இருந்தன. 'எல்லோரும் கவனமாக இருங்கள்' என்றால் யார் என்ன செய்வார்கள்?

நெருக்கடி தொடங்கியதும், தானாக வெளியாகும்படி வரிசையில் வைத்த விளம்பரப் பதிவுகளை முதலில் நிறுத்து. சாவு எண்ணிக்கைச் செய்திக்குக் கீழே காலணி விளம்பரம் வந்தால் திட்டு வாங்குவது உன் வீராங்கனைதான். ஒரு பதிவில் ஒரே ஒரு செயலைச் சொல். தேதியைப் படத்துக்குள்ளேயே எழுது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது கீழே எழுதியது போய்விடும், விதிமுறை மாறிய பிறகும் படம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அடிக்கடி மாறும் தகவலை 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரியில் போடு. பலர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள், அதனால் வீடியோவில் எழுத்து ஓடட்டும். பின்னணியையும் பார்த்துக்கொள். இடைவெளி விடச் சொல்லும் வீடியோவில் பின்னால் நாலு பேர் ஒட்டி நின்றால் சொன்னது அத்தனையும் வீண்.

தப்பான தகவல் போய்விட்டால் சத்தமில்லாமல் அழிக்காதே. அதே வடிவத்தில் திருத்தம் போட்டு மேலே பின் செய். அவருக்கே தொற்று வந்தால், குடும்பத்துக்கும் உடன் பயிற்சி செய்தவர்களுக்கும் சொன்ன பிறகுதான் அறிவிப்பு, அதுவும் அவர் சம்மதித்தால் மட்டும். சாப்பிடும் மருந்தின் பெயர் ஒருபோதும் வேண்டாம். கேட்ட ரசிகர்கள் கடைக்கு ஓடிவிடுவார்கள்.

அவருடைய விளம்பர ஒப்பந்தத்தில் பதிவுகளைத் தள்ளிவைக்க இடமிருக்கிறதா என்று பார்த்து எழுது. இல்லையென்றால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது அதைச் சேர்க்கச் சொல்.

அன்புடன்,
மணி