பாப்பாவின் இருபது மணி நேரம்

பாபநாசம்
ஐப்பசி 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மூன்று நாளாக விடாத மழை. தாளடி நட்டுப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை, வயலில் தண்ணீர் நிற்கிறது. வடிகாலைத் திறந்துவிட அப்பா விடியற்காலையிலேயே மண்வெட்டியோடு போய்விட்டார். கரண்ட் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். கடிதம் என்றால் படிப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவிலிருந்து போனில் நீ அழுதது மனசை விட்டுப் போகவில்லை. ராத்திரி இரண்டு மணிவரை லேப் ரிப்போர்ட் திருத்துவதாகவும், சொந்த ஆராய்ச்சியைத் தொட்டே மூன்று வாரம் ஆகிறது என்றும் சொன்னாய். கூடவே, "ஃபீஸ் வேண்டாம்னு விட்டிருக்காங்க, மாசம் பணமும் தராங்க, நான் எப்படிம்மா முடியாதுன்னு சொல்றது?" என்றாய். அந்த வார்த்தைதான் உறுத்துகிறது. சித்தப்பா ஊரெல்லாம் உனக்கு உதவித்தொகை கிடைத்திருப்பதாகச் சொல்கிறார். சொல்லட்டும். நீ அப்படி நினைக்காதே. அது சம்பளம். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி லேப் நடத்த ஆள் வேண்டும், நீ நடத்துகிறாய். அதற்குத்தான் ஃபீஸ் தள்ளுபடியும் ஸ்டைபெண்டும். நம் வயலில் நடவுக்கு வருகிற அத்தைமார்கள் மணி ஒன்றானால் கரையேறிவிடுவார்கள். அப்பா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

நீ சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டேன். லேப் இரண்டு, மூன்று மூன்று மணி, ஆக 6. பேராசிரியர் வகுப்பில் போய் உட்காருவது 3. பிள்ளைகள் சந்தேகம் கேட்க வரும் ஆஃபீஸ் அவர்ஸ் 2. டி.ஏ.க்கள், அதாவது உன்னைப் போல லேப் நடத்துகிற மாணவர்கள், மீட்டிங் 1. மொத்தம் 12. ரிப்போர்ட் 48, ஒவ்வொன்றுக்கும் கால் மணி என்றால் அதுவே 12 மணி. கூட்டினால் 24. அங்கே மாணவர் விசாவில் இருப்பவர்கள் செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸில் வாரம் 20 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று கிளம்பும்போது நீதானே படித்துக் காட்டினாய்? அந்த நாலு மணி உன் ஆராய்ச்சியிலிருந்து போகிறது பாப்பா.

ஒரு நோட்டுப் போடு. இரண்டு வாரம், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று அன்றன்றைக்கே எழுது. பிறகு அந்த லேப்பைப் பார்த்துக்கொள்ளும் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டு. புகார் சொல்வதாக நினைத்துத் தயங்க வேண்டாம். அவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் அது.

திருத்துவது என் தொழில், அதனால் சொல்கிறேன். பிளஸ் டூ பேப்பர் திருத்தும் முகாமில் கையில் விடைக்குறிப்பு (கீ) இல்லாமல் ஒரு தாளைத் தொட மாட்டோம். நீயும் எதற்கு எத்தனை மார்க் என்று முதலிலேயே எழுதிக்கொள். ஐந்து ரிப்போர்ட்டை மார்க் போடாமல் சும்மா படி. அப்புறம் ஆள் ஆளாகத் திருத்தாதே. 48 பேருடைய கணக்கீட்டையும் ஒரே மூச்சில் முடி, பிறகு 48 பேருடைய முடிவுரை. கை வேகம் பிடிக்கும், மார்க்கும் ஒரே சீராக விழும். கால் மணி ஒன்பது நிமிஷமாகும்.

அதில் இன்னொன்றும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புத் தாள் 40, இப்படித்தான் கேள்வி கேள்வியாகத் திருத்தினேன். −3(x−2) என்பதை 31 பிள்ளைகள் −3x−6 என்று எழுதியிருந்தார்கள். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அத்தனை பேருமா கவனிக்கவில்லை? நான்தான் அந்த இடத்தில் வேகமாகப் போயிருந்தேன். மறுநாள் முதல் பத்து நிமிஷம் அதை மட்டும் நடத்தினேன். எல்லார் ரிப்போர்ட்டிலும் ஒரே தப்பு வந்தால் நீயும் 48 முறை எழுதாதே, லேப் தொடங்கும்போது போர்டில் ஒருமுறை போடு.

"இவங்க பேசுறது புரியலை" என்று ஒரு பிள்ளை எழுதிக் கொடுத்ததற்கு ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாயே. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷனுக்குப் போனபோது எனக்கும் அதுதான். போர்டின் இடது ஓரத்தில் அன்றைய முக்கியச் சொற்களை முதலிலேயே எழுதிவிடுவேன். எழுதும்போது பேச மாட்டேன், திரும்பி நின்று அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவேன். உன் உச்சரிப்பை மாற்ற வேண்டியதில்லை. வேகத்தைக் குறை, போதும்.

இங்கே யூஜிசி 2022இல் கொண்டுவந்த பிஎச்.டி. விதிமுறையில், டுடோரியல், லேப், பேப்பர் திருத்துவது என்று ஆராய்ச்சி மாணவருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறது. மாமா பெண்ணுக்கு ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாசம் 37,000 ரூபாய் ஆராய்ச்சிக்கென்றே வருகிறது. உனக்கு வேலை செய்தால்தான் பணம், அதனால் பயப்படுகிறாய், தெரிகிறது. ஆனால் உன் சொந்தப் பாடங்களில் பி கிரேடுக்குக் கீழே போனால் அந்த வேலை நின்றுவிடும் என்று நீதானே சொன்னாய்? நம் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர மற்ற பாடங்களை விட்டதால் அந்தப் பணத்தை இழந்தார். அந்தக் கல்லூரியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். உனக்கு அது வரக் கூடாது.

அடுத்த வருஷம் கைடு ஆர்.ஏ., அதாவது ஆராய்ச்சிக்கே சம்பளம் வரும் வேலை, தருவதாகச் சொன்னது நல்ல சேதி. அதுவரை இந்த 48 பிள்ளைகளும் உன் பிள்ளைகள்.

அப்பா வந்துவிட்டார், முழங்கால்வரை சேறு. பாதி வயல் வடிந்துவிட்டதாம். பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் வெயில் வந்ததும் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொள். 48ஐ ஒன்பதால் பெருக்கினால் ஏழு மணி பன்னிரண்டு நிமிஷம். உன் பன்னிரண்டோடு கூட்டினால் இருபதுக்குள் நிற்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்
அம்மா