விளையாட்டுப் பாடவேளையைப் பிடுங்காதீர்கள்

ஆசிரியருக்கு,

எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி தொடரும் என்ற தமிழக அரசின் முடிவு குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். பெயிலாகும் பயம் போய்விட்டால் பிள்ளைகளுக்கு விடாமுயற்சி எங்கிருந்து வரும் என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அது மகிழ்ச்சியிலிருந்துதான் வருகிறது என்பது என் அனுபவம். ஓமலூர்ப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தேன். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் பின்னக் கணக்கில் முதல் வரி தப்பினாலே நோட்டை மூடிவிடுவான். அதே பையன் மாலையில், இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே கட்டிய கயிற்றைத் தாண்ட முட்டி சிராய்த்து, சட்டையெல்லாம் செம்மண்ணாகி, பதினேழாவது முறையும் சிரித்தபடி ஓடிவந்தான். (எண்ணியது நான்தான், கணக்கு வாத்தியார் புத்தி!) 2016, 2020, 2024 என மூன்று பாராலிம்பிக்கிலும் உயரம் தாண்டுதலில் பதக்கம் வென்ற நம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவின் திறனை முதலில் கண்டுகொண்டவரும் பள்ளி உடற்கல்வி ஆசிரியரே.

ஆனால், காலாண்டுத் தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளையை எங்களைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்வதே வழக்கம். நானும் செய்திருக்கிறேன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அந்தப் பாடவேளையை வேறு பாடத்துக்குத் தரக்கூடாது என்று மாவட்டக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் பெற்றோரே அதை விசாரிக்கலாம்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓமலூர், சேலம் மாவட்டம்.