புகையிலைக் கொட்டகையில் காய்ந்த சேலைகள்

வணக்கம்.

நாங்கள் நலம். விசாரித்தவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத நாட்கள் முடிந்ததும் சேறு அள்ளும் நாட்கள் வந்துவிட்டன. ஹெலீன் புயல் வெள்ளம் வட கரோலினாவில் எங்கள் மார்ஷல் ஊரை என்ன செய்துவிட்டுப் போனது என்பதை எங்களுக்கு முன்னாலேயே நீங்கள் டிவியில் பார்த்துவிட்டீர்கள். அதைத் திரும்ப எழுத மனசில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். சார்லட், ராலே, கிரீன்வில், அட்லாண்டா என்று எங்கெங்கோ இருந்து தண்ணீர் கேன், டார்ச், குழந்தைகள் டயப்பர், ஜெனரேட்டர் அனுப்பிய தமிழ்க் குடும்பங்களுக்கு நன்றி. புளிசாதத்தைப் பெரிய பாத்திரத்தில் கட்டி, பாதை மூடியிருந்தும் சுற்றி வளைத்துக் கொண்டுவந்த தம்பிகளுக்கு இரட்டை நன்றி. அதை எங்கள் தெருவில் எல்லோரும் சாப்பிட்டார்கள், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்கள். மண்வெட்டியோடு வந்து இறங்கிய வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் நன்றி. சேற்றில் என்னென்ன கலந்திருக்கிறதோ என்று எல்லோரும் வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டிருந்தார்கள். நாளைக்குக் கடையில் எதிரே வந்து நின்றால்கூட அடையாளம் தெரியாது.

உதவி அனுப்பிய பலர் கேட்ட கேள்வி: "அக்கா, ஆஷ்வில் தெரியும். மார்ஷல் எங்கே இருக்கு?" நியாயமான கேள்விதான். ஆஷ்வில்லிலிருந்து வடக்கே 20 மைல். மேடிசன் கவுண்டியின் தலைமை ஊர், கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. 800 பேர்கூட இல்லை. ஆனால் நிலப் பத்திரம், கல்யாண லைசென்ஸ், வழக்கு, வரி எல்லாவற்றுக்கும் மலைக்கு மேலே இருப்பவர்கள் இங்கேதான் இறங்கி வரவேண்டும். 1907-ல் கட்டிய குவிமாடம் வைத்த கோர்ட்டு, அதை ஒட்டி ஒரே ஒரு கடைத்தெரு. ஒரு மைல் நீளம், ஒரு தெரு அகலம், வானம் வரை உயரம் என்று ஊரைப் பற்றி இங்குள்ளவர்களே கேலி செய்வார்கள். ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் பிரெஞ்ச் பிராட் ஆறு. கோர்ட்டுக்குக் குடையோடு வந்தவர் என் தையல் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டு போவார். அவ்வளவு சின்ன ஊர்.

"ஆற்றை ஒட்டி யார் கடை கட்டச் சொன்னது?" என்றும் சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் மேல் வருத்தமில்லை. 1828-ல் முடிந்த பன்கம் சாலை இந்த ஆற்றங்கரையோடுதான் போனது. டென்னசியிலிருந்து தென் கரோலினாச் சந்தைக்குப் பன்றி, மாடு, வான்கோழி எல்லாவற்றையும் நடத்தியே ஓட்டிப் போவார்கள். ராத்தங்க சத்திரம் வேண்டும், கால்நடைக்குச் சோளம் வேண்டும். அதை நம்பிக் கரையில் ஊர்கள் முளைத்தன. 1851-ல் கவுண்டி பிறந்தது. 1880-களில் ரயில் வந்தது, அதுவும் அதே கரையில்தான். மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே சமதளம் என்று இருந்ததே அந்த ஒரு கீற்றுதான். வேறு எங்கே கட்டுவது? 1916-ல் பெருவெள்ளம் வந்து ஊரைப் புரட்டியது, திரும்பக் கட்டினார்கள். அதே வருஷம் லண்டனிலிருந்து செசில் ஷார்ப் என்பவர் இந்த மலைகளுக்கு வந்து, பாட்டிகள் பாடிய பழைய கதைப்பாட்டுகளைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அந்தப் பாட்டுகளை இன்றும் பாடுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

சரி, இனி நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன்.

கடையின் பின்னறையில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. உள்ளே அம்மாவின் சேலைகள். சுங்குடி, கண்டாங்கி, அவள் கல்யாணக் காஞ்சிபுரம். வெட்டி, ஒட்டுப் போர்வை தைக்கலாம் என்று மதுரையிலிருந்து கொண்டுவந்து, வெட்ட மனசு வராமல் அப்படியே வைத்திருந்தேன். தண்ணீர் வடிந்தபின் பெட்டியைத் திறந்தால் உள்ளே சேறு கெட்டியாக இறுகிக் கிடந்தது. தையல் மிஷின்களோடு அதையும் தெருவோரக் குப்பைக் குவியலில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அன்றைக்கு எதற்கும் அழ நேரமில்லை.

மலையிலிருந்து சாண்ட்விச் கொண்டுவந்த ஒரு பாட்டியம்மா அந்தக் குவியல் பக்கம் நின்று, ஒரு முனையை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை அதிகம் தெரியாது. எப்போதோ பேரனுடைய பேன்ட்டைச் சிறிதாக்கக் கொடுத்திருக்கிறார். "இது என்ன, பட்டா?" என்றார். ஆமாம் என்றேன். "நான் எடுத்துப் போகட்டுமா?" என்றார். துடைக்கத் துணி வேண்டியிருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். பேரன் எல்லாவற்றையும் பிக்கப் வண்டியின் பின்னால் அள்ளிப் போட்டான்.

ஊரில் குழாய்த் தண்ணீர் வராத நேரம் அது. அவர் வீட்டில் மலைச்சுனையிலிருந்து தானாக இறங்கிவரும் தண்ணீர் உண்டு. மின்சாரம் இல்லாவிட்டாலும் அது நிற்காது. கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சேலையாக, தண்ணீர் தெளியும்வரை அலசியிருக்கிறார். ஆறு கெஜம் அவருக்குப் பழக்கமில்லாத நீளம். காயப்போடக் கொடி போதவில்லை. அதனால் கொட்டகைக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

இந்தக் கொட்டகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். மேடிசன் கவுண்டி ஒரு காலத்தில் பர்லி என்ற வகைப் புகையிலைக்குப் பேர்போன இடம். பர்லியை நெருப்பு மூட்டிக் காயவைக்கமாட்டார்கள், காற்றில்தான் ஆறவேண்டும். அதற்காகவே பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, உள்ளே அடுக்கடுக்காகக் கம்பங்கள் கட்டிய கொட்டகைகள். வெட்டிய செடியைக் குச்சியில் கோத்து, கம்பத்தின்மேல் காலை அகட்டி நின்று, ஒருவர் கைமாற்றி ஒருவர் மேலே ஏற்றுவார்கள். முழுக்கக் காய்ந்த இலை தொட்டால் நொறுங்கும். பனி மூட்டமான காலையில் ஈரம் ஏறிப் பதமானபின்தான் இறக்குவார்கள். திண்டுக்கல்காரர்களுக்கும் வேதாரண்யத்துக்காரர்களுக்கும் புகையிலைப் பதம் பற்றி நான் பாடம் எடுக்கத் தேவையில்லை! கிறிஸ்துமஸ் செலவும் நிலவரியும் அந்தப் பணத்தில்தான் நடக்கும். யார் எவ்வளவு புகையிலை விற்கலாம் என்று அளவு வைத்திருந்த கோட்டா முறையை 2004-ல் அரசு முடித்துவைத்த பிறகு ஒவ்வொருவராகப் பயிரை விட்டுவிட்டார்கள். பாட்டியம்மாவின் கொட்டகையும் சும்மாதான் கிடந்தது.

வந்து பார் என்று பேரன் மூலம் சொல்லி அனுப்பினார். போனேன். மேலே நாலு அடுக்கிலும் இலை தொங்குகிற மாதிரி அம்மாவின் சேலைகள். பட்டுச் சேலையை வெயில் படாத நடு அடுக்கில் போட்டிருந்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "நிறமுள்ள எதுவும் வெயிலில் வெளுக்கும்" என்றார், அவ்வளவுதான். சுங்குடியின் சிவப்பு பக்கத்துச் சந்தனச் சேலையில் இறங்கிவிட்டது என்று அதற்கு என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார். எனக்கு அங்கேதான் அழுகை வந்தது. அவர் கண்டுகொள்ளாத மாதிரி அடுத்த கம்பத்தைக் காட்டி, கணவரோடு இலை ஏற்றிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அந்த நாசூக்கை என்னால் மறக்க முடியாது.

பணம் வாங்கவில்லை. பெயர் போடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். சேலைகளில் இன்னும் லேசாகப் புகையிலை வாடை இருக்கிறது. அம்மாவுக்குப் புகையிலை என்றாலே ஆகாது. தெரிந்தால் என்ன சொல்வாளோ.

உதவி என்றால் நான் இதுவரை காசு, சாமான், லாரி என்றே நினைத்திருந்தேன். காப்பீடு செய்த இடத்தில் வெள்ளம் கணக்கில் வராது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இவரோ நான் குப்பை என்று ஒதுக்கியதில் இது துணி, இதைத் துவைக்கலாம் என்று பார்த்தார். ஒன்று முடிவு செய்திருக்கிறேன்: அந்தச் சேலைகளை இனி வெட்டப்போவதில்லை. கடையையும் அதே தெருவிலேயே திறக்கப்போகிறேன், இந்த முறை மிஷின்கள் மாடியில். வீட்டுக்காரருக்கு இதில் பாதி சம்மதம்தான்.

கடைசியாக இரண்டு விஷயம். பழைய துணி அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். பிரித்து அடுக்கவே ஆள் போதவில்லை. குளிர் தொடங்கிவிட்டதால் ஹீட்டரும், ஈரம் உறிஞ்சும் மிஷினும்தான் தேவை. அப்புறம், சார்லட்டிலிருந்து சிவப்பு நிற ஜெனரேட்டர் கொடுத்துவிட்ட அண்ணா, உங்கள் எண் தண்ணீரில் போன போனோடு போய்விட்டது. ஜெனரேட்டர் பத்திரமாக இருக்கிறது. கூப்பிடுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.