இரும்பு சேர்க்கச் சொன்னீர்கள், சூட்டைச் சொல்லவில்லையே

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் அறிவியல் பக்கத்தில் டைட்டேனியம் டையொக்சைட் என்ற வெள்ளைப் பொடி பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். வெயில் பட்டால் தன்மேல் படிந்த அழுக்கைத் தானே அரிக்கும் ஓடு, கிருமி கொல்லும் பூச்சு என்றெல்லாம் தெளிவாக எழுதியிருந்தார்கள். சந்தோஷம். கடைசிப் பந்திதான் உறுத்தியது. அந்தப் பொடியில் கொஞ்சம் இரும்பு சேர்த்து, ஓட்டில் பூசிச் சூளையில் சுட்டால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று போகிற போக்கில் ஒரு வரி. சேர்க்கிற உலோகம் நிறத்தை மட்டுமா மாற்றும்? சுடும்போது பளிங்கையே, அதாவது அணுக்கள் அடுக்கியிருக்கும் ஒழுங்கையே, மாற்றிவிடும். அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நான் இதில் பட்டம் வாங்கியவன் அல்லன். யாழ்ப்பாணம் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் 1978 முதல், 1990 இல் சண்டையால் வேலை நிற்கும் வரை, உதவியாளனாக இருந்தவன். உலைக்குள் என்ன போகிறது, என்ன வெளியே வருகிறது என்று பார்ப்பதுதான் வேலை. இப்போது என் மகளின் மகள் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கிறாள். அவளுடைய இறுதியாண்டு ஆய்வும் இதே பொடிதான். ஆறு மாதமாக எங்கள் வீட்டு விறாந்தையில் வேறு கதை இல்லை.

ஒரு டைட்டேனியத்துக்கு இரண்டு ஒட்சிசன், கணக்கு அவ்வளவுதான். ஆனால் அணுக்களை அடுக்கும் விதத்தில் அனற்றேஸ் என்றும் ரூற்றைல் என்றும் வெவ்வேறு பளிங்குகள் வருகின்றன. புரூக்கைற் என்று மூன்றாவதும் உண்டு, அதை இப்போதைக்கு விடுவோம். அனற்றேஸ் சற்றுத் தளர்ந்த அடுக்கு, அடர்த்தி 3.9 அளவில். ரூற்றைல் இறுக்கமானது, 4.2க்கு மேல். வெயிலில் அழுக்கை அரிக்கும் வேலையில் பெரும்பாலும் அனற்றேஸ்தான் கெட்டிக்காரன். ஆனால் அதற்கு நிலையான குணம் இல்லை. சூடேற்றினால், சாதாரணமாக 600 பாகை செல்சியசை அண்டி, ரூற்றைலாக மாறத் தொடங்கும். மாறினால் மாறியதுதான், ஆறவிட்டாலும் திரும்பி வராது. பொடியின் மணிப் பருமனையும் சேர்ந்திருக்கும் மாசையும் பொறுத்து அந்த 600 என்பது 400க்கும் இறங்கும், 1000ஐத் தாண்டியும் ஏறும்.

பேத்தி மூன்று புடக்குகைகளில் மூன்று பொடி வைத்தாள். ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை, ஒன்றில் இரும்பு, மற்றதில் சேர்கோனியம். மூன்றும் ஒரே உலையில், 600 பாகையில், இரண்டு மணித்தியாலம். வெறும் பொடி வெள்ளையாக வந்தது. சேர்கோனியப் பொடியும் வெள்ளை. இரும்புப் பொடி வெளிறிய செங்கல் நிறம்; விரலில் தேய்த்தால் காய்ந்த சந்தனம் போலப் படிந்தது. பிறகு எக்ஸ் கதிர் வரைபடங்களைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். அனற்றேஸ் இருந்தால் 25.3 பாகையில் ஒரு முகடு எழும், ரூற்றைல் இருந்தால் 27.4 இல். (இது கோணப் பாகை, சூட்டுப் பாகை அல்ல. நானும் முதலில் குழம்பினேன்.) வெறும் பொடியில் முதல் முகடு பனை போல நின்றது, இரண்டாவது பக்கத்தில் வடலி போல. இரும்புப் பொடியில் வடலி பனையாகி, பனை வடலியாகியிருந்தது. சேர்கோனியப் பொடியில் வடலியே இல்லை, தனிப்பனை.

"அம்மப்பா, இரும்பு போட்டது பழுதாப் போச்சு" என்றாள்.

"பழுதாகேல்ல பிள்ளை, அது தன்ர வேலையைச் செய்திருக்கு" என்றேன்.

நான்கு மின்னேற்றமுள்ள டைட்டேனியம் இருக்கவேண்டிய கதிரையில் மூன்று ஏற்றமுள்ள இரும்பு போய் உட்காருகிறது. ஏற்றக் கணக்குச் சரிவர, இரண்டு இரும்புக்கு ஒரு ஒட்சிசன் தன் இடத்தைக் காலி செய்யவேண்டும். அனற்றேஸ் ரூற்றைலாவது என்றால் பிணைப்புகள் அறுந்து, அணுக்கள் இடம்மாறி நெருங்கி உட்காரவேண்டும். நெரிசலான மினிபஸ்ஸில் ஒருவர் இறங்கினால்தானே மற்றவர்கள் அசையலாம்? ஒட்சிசன் விட்டுப்போன வெற்றிடம் அந்த வேலையைத்தான் செய்கிறது. செப்பு, மங்கனீசு, கோபாற்று எல்லாம் இரும்பின் கட்சி. ஐந்து ஏற்றமுள்ள நயோபியம் எதிர்க்கட்சி. அது வெற்றிடங்களைக் குறைக்க, மாற்றம் பிந்துகிறது. 1965 இலேயே ஷானன், பாஸ்க் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த ஒட்சிசன் வெற்றிடத்தை வைத்து, எது முடுக்கும் எது தடுக்கும் என்று விளக்கியிருக்கிறார்கள்.

சேர்கோனியத்துக்கு ஏற்றம் அதே நான்குதான், உடம்பு மட்டும் பெரிது. டைட்டேனியத்தின் கதிரையில் உட்கார்ந்து மற்றவர்களை அசையவிடாமல் செய்கிறது. இலந்தனம் இன்னும் பருத்தது. உள்ளே நுழைய இடம் கிடைக்காமல் பெரும்பாலும் மணிகளின் வெளிப்புறத்தில் நின்றுகொள்ளும். மணியும் மணியும் முட்டும் இடத்தில்தான் ரூற்றைல் இலேசாக முளைவிடும் என்பதால், அப்படி நடுவில் ஒருவர் நிற்பதே பெரிய தடை.

இதை அவளோடு பேசும்போது எனக்கு ஒரு பழைய காலை ஞாபகம் வந்தது. ஒருநாள் பின்னேரம், சுண்ணாம்பும் சிலிக்காவும் மட்டும் சேர்த்துச் சுட்ட, சீமெந்திலும் உள்ள இருகல்சியம் சிலிக்கேற்று வில்லை ஒன்றைச் சின்ன உலையிலேயே ஆறவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் திறந்தால் வில்லையைக் காணவில்லை. புடக்குகை நிறைய மா, பிட்டுக்கு அரித்து வைத்தது போல. யாரோ விளையாடிவிட்டார்கள் என்று நினைத்துக் கோபத்தோடு போய்ச் சொன்னேன். எங்கள் இரசாயனவியலாளர் சிரித்தார். மெதுவாக ஆறும்போது அதன் பளிங்கு வேறொன்றாக மாறி, நூற்றுக்குப் பத்துக்கு மேல் பருத்து, தன்னைத் தானே நொறுக்கிக்கொள்ளுமாம். அடுத்த தடவை ஒரு சிட்டிகை வெண்காரம் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். வில்லை வில்லையாகவே கிடந்தது. ஒரு சிட்டிகைதான்.

உலோகத்தின் பெயரை மட்டும் சொன்னாலும் போதாது. அலுமினியத்தை எடுங்கள். டைட்டேனியம் குளோரைட் ஆவியை எரித்து வெள்ளை நிறமி செய்யும் ஆலைகளில், ரூற்றைல் வரவேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் அலுமினியம் குளோரைட் சேர்க்கிறார்கள். அதே அலுமினியம், பேத்தி செய்வது போன்ற, கரைசலைக் கூழாக்கிப் பொடி எடுக்கும் ஈரக்கூழ் முறையில் அனற்றேஸைக் காப்பாற்றுவதாகப் பல ஆய்வுகளில் வருகிறது. செய்முறை மாறினால் ஆளின் குணமும் மாறுகிறது.

ரூற்றைலை நான் குறைத்துப் பேசவில்லை. வெளிச்சுவருக்கு அதுதான் வேண்டும். மாவிட்டபுரத்துக்குத் திரும்பி வந்து வீட்டைத் திருத்தியபோது, மலிவென்று ஒரு வெள்ளைப் பெயின்ற் வாங்கி அடித்தேன். ஒரு வருடத்தில், மேற்குச் சுவரில் சாய்ந்த ஆட்கள் எல்லாம் முதுகில் திருநீறோடு எழும்பிப் போனார்கள். நிறமி அனற்றேஸாக இருந்தால், தன்னைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் பசையையே வெயிலில் அரித்துத் தின்றுவிட்டு மாவாகக் கொட்டும். அந்த வாளிக்குள் என்ன இருந்தது என்று நான் சோதிக்கவில்லை. சுவர் காட்டிய குணம் அதுதான்.

இனி உங்கள் கட்டுரையின் ஓட்டுக்கு வருகிறேன். ஓட்டுச் சூளை 900, 1000 பாகை வரை போகும். இரும்பு சேர்த்த அனற்றேஸை அதற்குள் அனுப்பினால் வெளியே வருவது ரூற்றைல்தான். போதாக்குறைக்கு ஓட்டுக் களிமண்ணிலேயே இரும்பு இருக்கிறது, ஓடு சிவப்பதே அதனால்தானே. நாம் சேர்க்காவிட்டாலும் அது பூச்சுக்குள் ஏறப் பார்க்கும். வெறும் அனற்றேஸ் 388 நானோமீற்றருக்குக் கீழே உள்ள கழியூதாக் கதிரைத்தான் பிடிக்கும், இரும்பு சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் கொஞ்சம் பிடிக்கும். கட்டுரையாளர் அதை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். சரி. அப்படியென்றால் சூட்டைக் குறைக்கவேண்டும், அல்லது ஓட்டைச் சுட்ட பிறகு பூசவேண்டும். சூளைக்குள் போய்த்தான் ஆகவேண்டும் என்றால், மாற்றத்தைத் தடுக்கும் சேர்கோனியம், சிலிக்கா பக்கம் போகவேண்டும். இரும்பையும் சூளையையும் ஒரே வரியில் எழுதிவிட்டால், விஞ்ஞானக் கண்காட்சிக்கு இதைச் செய்து பார்க்கும் பள்ளிக்கூடப் பிள்ளை, ஓட்டில் அழுக்கு அப்படியே கிடக்கக் கண்டு தன்னைத்தான் நோகும்.

இன்னொன்று. நம் இலங்கையின் புல்மோட்டைக் கடற்கரை மணலில் இந்தச் சாமான்கள் எல்லாம் கலந்தே கிடக்கின்றன. இல்மனைற்றில் டைட்டேனியமும் இரும்பும், சேர்கோன் மணலில் சேர்கோனியம், மொனசைற்றில் இலந்தனமும் சீரியமும். முடுக்குகிறவனும் தடுக்கிறவனும் ஒரே கரையில். தூர தேசத்து உதாரணங்களுக்குப் பதிலாக இதை வைத்தே ஒரு முழுக் கட்டுரை எழுதலாம். எழுதும்போது எந்த உலோகம், எவ்வளவு, எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் என்று நான்கையும் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பேத்தி இந்தக் கிழமை இரும்புப் பொடியை 450 பாகையில் வைத்துப் பார்க்கப் போகிறாள். வடலி எவ்வளவு வளர்ந்தது என்று கேட்டு எழுதி அனுப்புகிறேன், இடமிருந்தால் போடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆய்வுகூட உதவியாளர்,
மாவிட்டபுரம்.