ஃபைஃப் ஆட்களும் மல் தீவு ஆட்களும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எடின்பரோவில் கிரேஃப்ரையர்ஸ் தேவாலயத்தைத் தாண்டித்தான் நீ தினமும் வகுப்புக்குப் போகிறாய், அங்கே என்ன நடந்தது என்று கேட்டாயே, அதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது.

முதலாம் சார்லஸ் மன்னர் புதிய ஜெபப் புத்தகத்தை ஸ்காட்லாந்தின் மேல் திணித்தார். அதை எதிர்த்து 1638 பிப்ரவரி 28-ல் அந்தத் தேவாலயத்தில்தான், தங்கள் சபையைக் காப்போம் என்ற தேசிய உடன்படிக்கையில் கையெழுத்துப் போடத் தொடங்கினார்கள். மன்னர்கள் கதை உனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது, சண்டைக்கு ஆள் சேர்த்த விதம்.

ஸ்காட்லாந்துக்கு அப்போது நிரந்தரப் படை கிடையாது. ஷயர் என்கிற ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு போர்க்குழு இருந்தது. எந்த ஊர் எத்தனை பேரை அனுப்ப வேண்டும் என்று அது கணக்குப் போடும். போதகர்களும் பிரசங்க மேடையிலிருந்தே ஆள் கேட்பார்கள். அந்தப் பக்கத்துப் பிரபுதான் கர்னல். போர் தெரியாத பிரபுவுக்கு அடுத்த இடத்தில், ஸ்வீடன் படையில் பல வருடம் அடிபட்டுத் திரும்பிய ஒருவரை வைப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். 1644 ஜனவரியில் ஏறக்குறைய 20,000 பேர், மன்னரோடு போரிட்ட ஆங்கிலேய நாடாளுமன்றத்துக்கு உதவ, ட்வீட் நதியைத் தாண்டி இங்கிலாந்துக்குள் போனார்கள்.

ஆனால் தேர்ந்த ஆட்கள் அங்கே போய்விட்டதால், சொந்த நாட்டில் மன்னருக்காகக் கிளம்பிய மான்ட்ரோஸை எதிர்க்கப் புது ஆட்கள்தான் மிஞ்சினார்கள். ஃபைஃப் மாவட்டம் அதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1644 செப்டம்பர் 1-ல் டிப்பர்முயரில் ஒரு அடி. அடுத்த வருடம் எடின்பரோவில் பிளேக் பரவிக்கொண்டிருந்தபோது மறுபடியும் ஃபைஃபில் ஆள் திரட்டினார்கள். மூன்று ரெஜிமென்ட். ஆகஸ்ட் 15, கில்சித். எதிரியின் கண் முன்னால் இடம் மாறுவது ஆபத்து என்று தளபதி பெய்லி சொன்னார். கூடவே வந்திருந்த அரசியல் குழு கேட்கவில்லை. நகர்ந்துகொண்டிருந்த படையின் நடுவில் மான்ட்ரோஸின் ஆட்கள் பாய்ந்தார்கள். பின்னால் நின்ற ஃபைஃப் ஆட்கள் சிதறி ஓட, துரத்தித் துரத்தி வெட்டினார்கள். ஒரே ரெஜிமென்ட்டில் அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுக்காரன் என்று நின்றால், ஒரு நாள் தோல்வி ஒரு ஊரையே காலி செய்துவிடும். அந்தக் குழுவை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் முதலாம் சார்லஸின் மகனை ஸ்காட்லாந்து தன் மன்னராக ஏற்றது. அதனால் 1650-ல் இங்கிலாந்துத் தளபதி குரோம்வெல் படையெடுத்து வந்தபோது, பக்தி போதாது என்று சொல்லித் தங்கள் படையிலிருந்தே ஆயிரக்கணக்கானவர்களை விலக்கினார்கள். செப்டம்பர் 3-ல் டன்பாரில் தோற்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேவர்லியில் ரயில் ஏறி ஃபோர்த் பாலத்தைத் தாண்டி இன்வர்கீதிங்கில் இறங்கு. ஃபைஃபின் வாசல் அது. 1651 ஜூலை 20-ல் குரோம்வெல் படையை அங்கே எதிர்த்து நின்றவர்களில் மல் தீவின் மக்லீன் குலத்தாரும் இருந்தார்கள். தலைவர் சர் ஹெக்டரும் அவரோடு நூற்றுக்கணக்கானவர்களும் அங்கேயே விழுந்தார்கள். இதே மக்லீன்கள் ஆறு வருடத்துக்கு முன் கில்சித்தில் மான்ட்ரோஸ் பக்கம் நின்று ஃபைஃப் ஆட்களை வெட்டியவர்கள். இப்போது ஃபைஃப் மண்ணைக் காக்க நின்று செத்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

போய்ப் பார்த்துவிட்டு எழுது. காற்று அதிகமாம், காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா